எல்லாப் பக்கமும் நாலடி

ஷவருக்கு அடியில் நிற்கும்போதுகூடக் கண்ணையும் மூச்சையும் ஒருசேர இறுக்கிக்கொள்கிற மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "பின்னாடி தோட்டத்துல ஒரு நீச்சல் குளம் கட்டலாம்னு இருக்கேன்" என்று சொன்னால் எந்த மனைவிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அவளுக்கு வந்ததோ சாதாரணச் சந்தேகம் இல்லை. இருபத்தாறு வருஷமாகச் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் அவள்.

மருத்துவச் செலவு கேட்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. நிஜமாகவே கால் உடைந்தவர் யார், உடைந்த காலை வாடகைக்கு எடுத்தவர் யார் என்று காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"எதுக்கு?" என்றாள்.

"சும்மாதான். உடம்புக்கு நல்லது."

"யார் உடம்புக்கு?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "ரெண்டு பேர் உடம்புக்கும்தான்" என்றார்.

நடுவில் போன அந்த ஒரு வாய் டீயை அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஆறடி உயரம். அதிர்ந்து பேசத் தெரியாது. யாருடைய முகத்தைப் பார்த்தாலும் மூக்குத்தண்டின் அகலத்தை முதலில் கவனிக்கிற ஆள். கல்யாணமான புதிதில் இருவரும் கடற்கரைக்குப் போனபோது அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூப்பிட, அவர் கரையில் இரண்டு பேருடைய செருப்புக்கும் காவல் இருந்தார். அன்றிலிருந்து இன்றுவரை தண்ணீரோடு அவருக்கு அவ்வளவுதான் உறவு. அப்பேர்ப்பட்டவர் குளம் வெட்டுகிறாராம். காதில் பூச்சுற்ற வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் எதிராளி வாயை மூடிக்கொள்வான். சரி சரி என்று தலையாட்டினால்தான் மேலும் மேலும் பேசி மாட்டிக்கொள்வான். தொழிலில் கற்ற பாடம்.

முதலில் வந்தவர் ஃபைபர் குளம் விற்பவர். தொழிற்சாலையிலேயே வார்த்த தொட்டி, குழி தோண்டி அப்படியே இறக்கிவிட வேண்டியதுதான், ஒரு வாரத்தில் தண்ணீர் நிரப்பிவிடலாம் என்று படப் புத்தகத்தைப் புரட்டினார். சிறுநீரக வடிவம், முட்டை வடிவம், நீலத்தில் மட்டும் பதினோரு சாயல். கணவர் ஒரு படத்தையும் பார்க்கவில்லை.

"இதுல படி எவ்வளவு அகலம்?"

"பத்து அங்குலம் சார்."

"பதினாறு ஆக்க முடியுமா?"

"அச்சுல வர்றதுதானே சார், மாத்த முடியாது."

"ஆழம்?"

"இந்தப் பக்கம் மூணரை, அந்தப் பக்கம் ஆறு. குதிக்கலாம், டைவ் அடிக்கலாம்."

"எனக்கு எல்லாப் பக்கமும் நாலடி போதும்."

குளக்காரர் அவளைப் பார்த்தார். அவள் கணவரைப் பார்த்தாள். ஆறடி மனிதருக்கு நாலடித் தண்ணீர் எதற்கு? நெஞ்சுக்குக்கூட வராது. தண்ணீருக்குப் பயந்தவர், அதனால் ஆழம் வேண்டாம் என்கிறார் என்று ஒருகணம் தோன்றியது. பயந்தவர் ஏன் கட்டுகிறார் என்று அடுத்த கணமே தோன்றியது.

இரண்டாவது ஆள் வினைல் விரிப்புக்காரர். இரும்புப் பலகையால் சுவர் எழுப்பி, உள்ளே தடிமனான விரிப்பை இழுத்து மாட்டுவது அவர் முறை. மலிவு என்றார், காலுக்கு மெத்தென்று இருக்கும் என்றார். "படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சா தாங்குமா? முழு ஆள் கனத்தையும் போட்டுத் தொங்கினா?" என்று கணவர் கேட்டதும், அந்த ஆள் மென்று விழுங்கினார். அதோடு அவரும் போனார்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண் எஞ்சினியர். நாற்பது வயதிருக்கும். முட்டிவரை சேறு படிந்த பூட்ஸ், காதில் பென்சில். வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல் நேராகத் தோட்டத்துக்குப் போனார். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, வெயில் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது, கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது, மூலையில் நிற்கிற மரத்தின் வேர் எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "இங்க கான்கிரீட்தான் சரி. மூணு நாலு மாசம் ஆகும். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி எதையும் செய்யலாம்" என்றார்.

"எதையும்னா?" என்றார் கணவர். நல்ல மார்க் வாங்கிய பையன்போல அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள்.

அன்றிலிருந்து போன் ஆரம்பித்தது. கடையிலிருந்து வந்ததும் தோட்டத்துக்குப் போய், மரத்தடியில் நின்று, குரலைத் தாழ்த்தி அந்த எஞ்சினியரோடு பேசுவார். ஒருநாள் முழுக்க அவள் மனம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய்வந்தது. மறுநாள் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக் காது கொடுத்தாள். "படியோட உயரம் எட்டு அங்குலத்துக்கு மேல போகக்கூடாதுங்க... ஆமா, வழுக்காத கல்லா இருக்கணும்..." என்று கேட்டது. கள்ளக்காதல் பேசுகிறவன் வழுக்காத கல்லைப் பற்றிப் பேசமாட்டான். அந்தச் சந்தேகத்தை அவள் தள்ளுபடி செய்தாள். ஆனால் ஃபைலை மூடவில்லை.

வரைபடம் வந்தது. அவர் கடைக்குப் போனபிறகு, அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். பொய் விண்ணப்பத்துக்கு ஒரு லட்சணம் உண்டு. ஓரிடத்தில் தேவைக்கு மேல் விவரம் இருக்கும். மற்ற இடமெல்லாம் மொட்டையாக இருக்கும். விவரம் குவிந்திருக்கிற இடத்தில்தான் விஷயம் இருக்கும். இந்த வரைபடத்தில் ஓடு என்ன நிறம் என்றுகூட எழுதவில்லை. ஆனால் படிகளைச் சுற்றி எறும்பு மொய்த்ததுபோல் எண்கள். ஐந்து படி. இரண்டு பக்கமும் கைப்பிடி. தண்ணீருக்குள் சுவரோடு ஒட்டி உட்கார ஒரு நீளத் திண்டு. தண்ணீரைச் சூடாக்க ஒரு கருவி. இதெல்லாம்கூடப் போகட்டும். சமையலறைக் கதவிலிருந்து குளம்வரை சரிவாக ஒரு பாதை. அந்தக் கதவின் நிலையை அரையடி அகலப்படுத்தி, வாசற்படியை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு குறிப்பு.

குளத்துக்கும் வாசற்படிக்கும் என்ன சம்பந்தம்?

அந்த வாரம்தான் அவருடைய துண்டில் குளோரின் வாடையைக் கண்டுபிடித்தாள். வியாழக்கிழமைதோறும் அந்த வாடை வந்தது. வியாழன் மதியம் மூன்று மணிக்குக் கடைக்குப் போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை என்பதும் தெரிந்தது. அடுத்த வியாழன் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, கடைக்கு எதிரே டாக்ஸியில் உட்கார்ந்திருந்தாள். சரியாக இரண்டு ஐம்பதுக்கு அவர் ஷட்டரை இறக்கினார். கையில் ஒரு பை. பேருந்தில் ஏறி, நாலு நிறுத்தம் தள்ளி இறங்கி, ஒரு வெள்ளைக் கட்டடத்துக்குள் போனார். வாசலில் 'உடல் இயக்கப் பயிற்சி மையம்' என்று எழுதியிருந்தது.

உள்ளே போகிற தாழ்வாரத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஒரு குளம். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு மாற்று ஆபரேஷன் ஆனவர்கள் என்று ஏழெட்டுப் பேர் தண்ணீரில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, குளிப்பாட்டப்படும் பூனையின் முகத்தோடு, அவள் கணவர். நீல உடை போட்ட பயிற்சியாளப் பெண்ணின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் எடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தார். ஒருமுறை தண்ணீர் முகத்தில் தெறித்தது. நடுங்கிப்போய் நின்றார். அந்தப் பெண் ஏதோ சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

அவள் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மனிதருக்கு ஏதோ வந்துவிட்டது, நம்மிடம் மறைக்கிறார். நரம்பா, தசையா, மூளையா? இத்தனை வருஷம் ஊராருடைய நோயையெல்லாம் பொய்யா மெய்யா என்று உரசிப் பார்த்தவள், பக்கத்துத் தலையணையில் இருப்பதைக் கோட்டைவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குப்பிறகு பத்துநாள் அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். மேசை இழுப்பறைகளைத் துழாவினாள். கொஞ்சம் கொழுப்பு கூடியிருப்பதாகச் சொல்லும் பழைய ரத்தப் பரிசோதனையைத் தவிர ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே மாடிக்கு எதையாவது எடுத்துப்போகச் சொல்லி அனுப்பினாள். இரண்டு கையிலும் இரண்டு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று ஏறினார். ஒற்றைக்காலில் நின்று சாக்ஸ் மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஜாடி மூடியைத் திறந்தார். நோயாளிக்கு உண்டான ஒரு அறிகுறியும் இல்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. அறிகுறியே காட்டாமல் மறைக்கத் தெரிந்தவர் வேறு என்னவெல்லாம் மறைப்பார்?

அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்துப் பார்த்தாள். அந்த மாதத்தில் மட்டும் அவளுடைய தம்பியிடம் பதினோரு தடவை பேசியிருக்கிறார். வேறு ஊரில் அச்சகம் வைத்திருக்கும் தம்பி. மாமாவும் மச்சினனும் பிறந்தநாளுக்கு இரண்டு வார்த்தை பேசினாலே அதிகம். உடனே தம்பியைக் கூப்பிட்டாள்.

"மாமா உன்கிட்ட ஏதாவது பேசினாராடா?"

"மாமாவா? என்கிட்டயா? இல்லையே. எதுக்குக்கா கேக்கற? நான் பேசியே ரொம்ப நாளாச்சு. ஏன், என்ன விஷயம்?"

ஒரு கேள்விக்கு ஆறு பதில். தம்பியும் கூட்டு என்று எழுதிக்கொண்டாள்.

குளத்துக்கு இடம் குறிக்கிற நாள் புதன்கிழமை என்று எஞ்சினியர் அனுப்பிய செய்தியில் பார்த்திருந்தாள். அவள் அலுவலகத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் காலை பத்து மணிக்கு வைத்திருந்தார் கணவர். அவளும் வழக்கம்போலக் கிளம்பி, தெருமுனைவரை போய், அவர் கடைக்குப் போனபிறகு திரும்பி வந்து தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மேடம், நீங்க ஆபீஸ்ல இருப்பீங்கன்னு சார் சொன்னாரே" என்றார் எஞ்சினியர்.

"சார் நிறையச் சொல்வார். நீங்க வேலையைப் பாருங்க."

எஞ்சினியர் ஆப்புகளை அடித்து, வெள்ளை நூலை இழுத்துக் கட்டினார். நூலுக்குக் கீழே தரையில் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே போனார். புல்லின்மேல் ஒரு நீண்ட செவ்வகம் உருவானது. பிறகு வண்டியிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் செங்குத்தாக இரண்டு குழாயும், குறுக்கே ஒரு குழாயும் பொருத்தியிருந்தது.

"இது கைப்பிடியோட மாதிரி. கான்கிரீட்ல புதைச்சுட்டா அப்புறம் மாத்த முடியாது. அதான் உயரத்தை ஒருதடவை நேர்ல சரிபார்த்துடலாம்னு. வந்ததுதான் வந்தீங்க, ஒரு நிமிஷம் பிடிச்சுப் பாருங்களேன்."

அவள் எழுந்துபோய் இடது கையை வைத்தாள். முழங்கை லேசாக மடிந்து, தோள் தளர்ந்து, அளவெடுத்துத் தைத்த ரவிக்கைபோலக் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அப்பாடா, சார் சொன்ன அளவு சரியாத்தான் இருக்கு" என்றார் எஞ்சினியர்.

"எனக்குச் சரியா இருக்கு. சார் ஆறடி. இதைப் பிடிக்கணும்னா அவர் குனியணுமே?"

"இது சார் பிடிக்கிறதுக்கு இல்லையே மேடம்..." என்று சொல்லிவிட்டு எஞ்சினியர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினார். ஏன் சுருட்டினோம் என்று தெரியாமல் மறுபடி விரித்தார்.

"பின்னே யார் பிடிக்கிறதுக்கு?"

"சார் உங்ககிட்ட... நீங்க சார்கிட்டயே கேட்டுக்கங்களேன்."

இடது பக்கக் கைப்பிடி மட்டும் வரைபடத்தில் ஒருபடி நீளமாக இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் இடது கைக்காரி ஒருத்திதான். அதைச் சட்டென்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. போன் எடுக்க வீட்டுக்குள் போகலாம் என்று திரும்பி நூலைத் தாண்டினாள். இடது கால் தாண்டியது. வலது கால் தாண்டவில்லை. தரையிலிருந்து நாலே அங்குலம், பட்டப்பகலில் பளிச்சென்று தெரிகிற வெள்ளை நூல். அது பாதத்தில் மாட்டி, ஆப்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. கைப்பிடியைத் தாவிப் பிடித்திருக்காவிட்டால் முகம் தரையில் மோதியிருக்கும்.

எஞ்சினியர் ஓடிவந்தார். "பாதம் தூக்கலையே மேடம்" என்றார் மெதுவாக.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இடது செருப்பு புதுசாக இருந்தது. வலது செருப்பின் முனை அரத்தால் ராவியதுபோல் தேய்ந்து, உள்ளே இருக்கிற பஞ்சு தெரிந்தது. இந்த ஜோடி ஏதாவது விண்ணப்பத்தோடு வந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் குறிப்பு எழுதியிருப்பாள். சொந்தக் காலில் மாட்டிக்கொண்டு மூன்று மாதமாக நடந்திருக்கிறாள்.

அவள் அப்பாவுக்கு இது ஐம்பத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். யாரும் கேட்டால் இருட்டு என்பார், மூக்குக்கண்ணாடி சரியில்லை என்பார். தாழ்வாரச் சுவரில் அவர் கை போன உயரத்தில் அழுக்குக் கோடு விழும். அது தெரியக்கூடாது என்று அவரே வருஷாவருஷம் அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளையடிப்பார். ஆறு வருஷம் அப்படி ஏமாற்றினார். அவளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று.

அவள் மழையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னது. கம்பளம் தடுக்கியதாகச் சொன்னது. கட்டிலில் உட்கார்ந்தால்தான் சாக்ஸ் போட முடிகிறது என்பதற்கு இடுப்புச் சதைமேல் பழிபோட்டது. ஒவ்வொன்றுக்கும் கையோடு ஒரு காரணம் வைத்திருந்தாள். தேவைக்கு மேல் விவரமான காரணங்கள்.

அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்த காட்சியும் சரியாகப் புரிந்தது. தண்ணீரில் முன்னால் நடந்து வருகிறவர்தான் நோயாளி. பின்னால் அடியெடுத்து வைக்கிறவர், நோயாளியைக் கைபிடித்துக் கூட்டிவருகிறவர். அவர் அங்கே நடக்கக் கற்கவில்லை. நடத்திக் கூட்டிவரக் கற்றுக்கொண்டிருந்தார்.

கடையில் கூட்டம் இல்லை. கணவர் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார். அவள் போய் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, தேய்ந்த செருப்பை மேசைமேல் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா தெரியும்?" என்றாள்.

"எட்டு மாசம்."

"தம்பிக்கு?"

"உங்கப்பாவுக்குப் படி எவ்வளவு உயரம் ஒத்துக்கிச்சு, எந்தக் கை பிடிச்சார்னு கேட்டேன். அவனுக்குத்தான் ஞாபகம் இருந்துச்சு."

"பயிற்சி மையத்துக்காரங்களுக்கு, குளம் வெட்டுறவங்களுக்கு, தம்பிக்கு, ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கால் என்னோடது. எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?"

"சொல்லிப் பார்த்தேனே. மழையில விழுந்தியே, அன்னிக்கு."

"என்ன சொன்னீங்க?"

"டாக்டர்கிட்ட போகலாம்னேன். எங்கப்பா மாதிரி ஆயிடுவேன்னு சொல்ல வர்றீங்களான்னு கேட்டே. அப்புறம் நாலு நாள் பேசலை."

அது உண்மை. அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"நாலு நாள் பேசலைன்னா அஞ்சாவது நாள் சொல்ல வேண்டியதுதானே? நாப்பது நாள் பேசலைன்னாலும் சொல்லியிருக்கணும். கமுக்கமா குழி வெட்டினா? ஒருநாள் காலையில என்னைக் கூட்டிட்டுப் போய், இந்தா, உன் நோய்க்கு வீடு கட்டி வெச்சிருக்கேன்னு காட்டலாம்னு இருந்தீங்களா?"

அவர் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்ததுதான்.

"நான் சொன்னா நம்ப மாட்டே" என்றார் கடைசியில். "யார் சொன்னாலும் நம்ப மாட்டே. நீயா கண்டுபிடிச்சாத்தான் நம்புவே. வரைபடத்தை மேசையிலயே விட்டுட்டுப் போனேன். துண்டை அலசாம போட்டேன். எப்படியும் தோண்டுவேன்னு தெரியும்."

"ஓ, இதுவும் திட்டமா?"

"பாதி திட்டம். பாதி பயம்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். எந்தப் பாதி எது என்று அந்த முகத்தில் பிடிபடவில்லை. செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, "நாளைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஒரு டாக்டரோடு நிற்கவில்லை. முதலாமவர் சொன்னதை நம்பாமல் இரண்டாமவரிடம் போனாள். இரண்டாமவர் ஊசி குத்தி நரம்பைச் சோதித்து, ரத்தம் எடுத்து அனுப்பி, மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். அப்பாவுக்கு வந்த அதே நரம்பு நோய்தான். பரம்பரை. குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் அவசரமில்லாத நோய்; வருஷக்கணக்கில் மெதுவாக நகரும். தசை இளைக்காமல் பார்த்துக்கொண்டால் இன்னும் மெதுவாக நகரும். "தண்ணீர்ல பயிற்சி செஞ்சா ரொம்ப நல்லது. பக்கத்துல எங்கயாவது குளம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது கணவர் கூரையைப் பார்த்தார்.

அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து வரிவரியாகப் படித்தாள். பெயர், வயது, தேதி எல்லாம் ஒத்துப்போயின. எங்கேயும் ஓட்டை இல்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள்.

மறுநாள் எஞ்சினியரை வரச்சொன்னாள். வரைபடத்தைச் சிவப்புப் பேனாவோடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கைப்பிடி நாலாவது படியோட நிக்குது. கடைசிப் படியில எதைப் பிடிப்பேன், உங்க தோளையா?"

எஞ்சினியர் குறித்துக்கொண்டார். கணவர் காதைச் சொறிந்தார்.

"மோட்டார் அறை சமையலறை ஜன்னலுக்கு நேரா இருக்கு. அந்த இரைச்சலை யார் கேக்கறது? சுவர்ப்பக்கம் தள்ளுங்க. மரத்து இலை முழுக்கத் தண்ணியில விழும். குளத்தை நாலடி மேற்கே நகர்த்துங்க. மரத்தை வெட்டுறதுன்னு யாரும் வாயெடுக்கக் கூடாது. ஓடு அடர்நீலம் வேண்டாம், அடி தெரியாது. வெளிர்நிறம் போடுங்க. அப்புறம் இது என்ன, எல்லாப் பக்கமும் நாலடி?"

"அது உன் பாதுகாப்புக்கு..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"எனக்கு நீச்சல் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. அந்தக் கோடியில ஆறடி வேணும்."

"கால் இப்படி இருக்கறப்ப..."

"கால் இப்படி இருக்கறதாலதான். தரையிலதான் தடுக்குது. தண்ணியில என்ன தடுக்கப்போகுது?"

எஞ்சினியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாலடி முடிகிற இடத்தில் குறுக்கே மிதவைக் கயிறு ஒன்று கட்டிவிடலாம், அதற்கப்புறம் சரிவு வைக்கலாம் என்றார். ஒருமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. ஐந்தரை அடிக்கு முடிந்தது. சமையலறை வாசற்படியை எடுக்கக்கூடாது என்று மட்டும் அவள் பிடிவாதமாக நின்றாள். "அது எடுக்கற நாள் வரும்போது நானே சொல்றேன்" என்றாள். கணவர் சிவப்புப் பேனாவை வாங்கி அந்தக் குறிப்பை அடித்தார்.

தோண்டத் தொடங்கிய மூன்றாம் நாள் பாறை தட்டியது. பிறகு ஒரு வாரம் மழை. நாலு மாதம் என்றது ஐந்தரை மாதமாக இழுத்தது. சிமெண்டுக் கலவை சரியில்லை என்று அவள் ஒருமுறையும், கம்பி இடைவெளி வரைபடப்படி இல்லை என்று இன்னொருமுறையும் வேலையை நிறுத்தினாள். இரண்டாவது தடவை அவள் சொன்னதுதான் சரி. வேலையாட்கள் அவள் தலையைக் கண்டாலே அளவுநாடாவை எடுத்தார்கள்.

தண்ணீர் நிரம்பி இரண்டு வாரம் கழித்துத் தம்பி வந்தான். குளத்தைப் பார்க்க வந்தேன் என்றான். அதற்குள் அவள் தினமும் காலையில் அரைமணி நேரம் தண்ணீரில் நடந்து, கயிற்றைத் தாண்டி நாலு சுற்று நீந்திவிட்டுத்தான் அலுவலகம் போவது என்று ஆகியிருந்தது. கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு முன்னேறியிருந்தார்.

தம்பி அரைக்கால் சட்டையோடு வந்தான். "நம்ம அப்பாவுக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா..." என்று பேசிக்கொண்டே படியில் இறங்கினான். அவள் திண்டில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவது படியில் அவன் கை தானாக நீண்டு கைப்பிடியைப் பற்றியது. பற்றியது அவனுக்கே தெரியவில்லை, பேச்சு நிற்கவில்லை. நாலாவது படியில் பாதம் முழுதாகப் பதியாமல், முனை முதலில் தொட்டு, பிறகு பொத்தென்று விழுந்தது.

அவனுக்கு நாற்பத்தெட்டு வயது.

அவள் கணவரைப் பார்த்தாள். அவரும் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம், இப்போது வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஊருக்குப் போனபிறகு போனில் பக்குவமாகச் சொல்லலாம். அவன் மனைவியிடம் முதலில் பேசலாம். வழிகள் வரிசையாக அவள் மனதில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் நல்ல வழியாகத்தான் தெரிந்தது. அதனாலேயே ஒன்றையும் அவள் நம்பவில்லை.

"டேய், உன் வலது கால்ல பலம் குறையுது. பாதம் தூக்க மாட்டேங்குது. எத்தனை நாளா இப்படி?" என்றாள்.

"என் காலா?" தம்பி சிரித்தான். "நேத்து பேருந்துல எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வந்தேன்க்கா. மரத்துப் போயிருக்கு. அதோட அச்சகத்துல போனவாரம் ஒரு காகிதக் கட்டு..."

அவள் அவன் முடிக்கும்வரை காத்திருந்தாள். பேருந்து, காகிதக் கட்டு, புதுச் செருப்பு, தூக்கமின்மை என்று நாலு காரணம் வந்தது. அதற்குமேல் வரவில்லை. சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்துபோனது.

"உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்" என்றான் கோபமாக.

"ஆமா. சந்தேகம்தான். தப்பா இருந்தா ரொம்ப சந்தோஷம். திங்கட்கிழமை என் டாக்டர்கிட்ட நேரம் வாங்கறேன். வரமாட்டேன்னா இப்பவே சொல்லு. சண்டையை இப்பவே முடிச்சுக்கலாம்."

தம்பி படியேறிப் போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். போகவில்லை. கடைசிப் படியிலேயே நெடுநேரம் நின்றான். பிறகு இரண்டு கையாலும் தண்ணீரை விலக்கிக்கொண்டு வந்து திண்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கணவர் செய்தித்தாளைக் கரையில் வைத்துவிட்டு, அவர்களுக்கு டீ போட்டுக் கொண்டுவர மெதுவாகக் கரையேறினார்.